ஏடு போற்றிய அரசர்கள் – 9: சின்னமனூர்ச் செப்பேடும் இராசசிம்ம பாண்டியனும்

பெரியாற்று அணை எழும்பிய காலத்தில் மலையடிவாரத்தில் அமைந்திருந்த முகாமின் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கி நிற்கும் லோயர் கேம்ப்பிலிருந்து கீழ்நோக்கிப் புறப்பட்டு, கூடலூரின் திராட்சைப் பந்தல்களையும் கம்பத்தின் நெல்வயல்களையும் உத்தமபாளையத்தையும் கடந்து செல்வோர், முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் சின்னமனூரை அடைகின்றனர். வாழைத்தார் ஏற்றிய லாரிகளும், ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டுசெல்லும் ஜீப்புகளும் ஓய்வின்றி ஓடும் இந்தச் சாலையில், பாண்டிய வம்சத்தின் சரித்திரத்தை ஒழுங்குபடுத்தி எழுதுவதற்கு ஆதாரமாக நின்ற இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் அவ்வூரிலிருந்துதான் வெளிப்பட்டன என்பதை நினைத்துக் கடப்பவர் மிகச் சிலரே. பள்ளத்தாக்கில் வாழும் நாம் நமது ஊர்களின் பழமையைப் பெரியாற்று அணை கட்டிய பென்னி குயிக் துரையோடு தொடங்கிவிடுகிறோம்; அந்தப் பெருமகனுக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடன் தீராதது என்பதில் ஐயமில்லை. எனினும் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதே மண்ணை முன்னிட்டு ஒரு பாண்டியனின் அரசவை செம்பில் வெட்டிவைத்த வாசகங்களை மறந்துவிடுவது நியாயமன்று.

அக்காலத்தில் இந்நிலப்பகுதி அளநாடு என வழங்கிற்று. சின்னமனூர், அரிகேசரிநல்லூர் என்ற பெயரோடு விளங்கிய பிரமதேயம். அரிகேசரி என்பது நெல்வேலிப் போரில் வென்ற நெடுமாறனுக்குரிய விருதுப்பெயர். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பாண்டிக்கோவைச் செய்யுட்கள் இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக மிளிர்வதைத் தமிழ் கற்றோர் அறிவர். இன்று பக்தர்கள் திரளும் பூலாநந்தீசுவரர் ஆலயத்தின் தலபுராணமும் இராசசிம்மன் ஒருவனைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கிறது. அரசனுக்குப் பால் சுமந்து வந்தவன் பூலாமரத்து வேரில் இடறி நாள்தோறும் பாலைச் சிந்த, வேரை வெட்டியபோது குருதி பெருக, வானளாவ எழுந்த இலிங்கத்தை மன்னன் தழுவிக்கொள்ள, அவன் உயரத்துக்கே இறைவன் தன்னைக் குறுக்கிக்கொண்டான் என்பது கதை. வழியிலே உத்தமபாளையத்தில், திருக்குணகிரி எனப் பெயர்பெற்றிருந்த பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றினடியில் அச்சணந்தி முதலிய சமண முனிவரின் பெயர்களைத் தாங்கிய வட்டெழுத்துச் சாசனங்களும் இருக்கின்றன. சிவாலயமும் சமணப் பள்ளியும் வேதியர் குடியிருப்பும் ஒரே ஆற்றுநீரை உண்டு அருகருகே வாழ்ந்த நாடு இது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு செப்பேட்டுக்கு வருவோம்.

சின்னமனூரில் கிடைத்த இரு தொகுதிகளுள் பெரியது, மாறவர்மன் இரண்டாம் இராசசிம்மன் தனது 16-ஆம் ஆட்சியாண்டில் அளித்த சாசனம். அளநாட்டிலிருந்த நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயரிட்டுத் தானமாகக் கொடுத்ததே அதன் நடைமுறைப் பொருள். ஒரு சிற்றூரைக் கைமாற்றித் தருவதற்கு நாலு வரி போதும். ஆயினும் பாண்டிய அரசவை அதனோடு அமையவில்லை. கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்களாகவும், வட்டெழுத்தில் மிடுக்கான தமிழாகவும் தனது குலத்தின் விருத்தாந்தம் முழுவதையும் இருமுறை சொல்லிக்கொள்கிறது. அகத்தியரைக் குலகுருவாகப் பெற்றது, இந்திரனோடு அரியணையில் பாதி பகிர்ந்தது, மேருவின் நெற்றியில் கயலைப் பொறித்தது முதலான பழங்கீர்த்திகளில் தொடங்கி, உலப்பிலிமங்கலம், நைப்பூர், கொடும்பை, வஞ்சி, நாவல் என்று இராசசிம்மன் தான் பொருத களங்களின் பட்டியல் வரையில் அந்த வாசகம் பெருகிச் செல்கின்றது. பிரமதேயமும் தேவதானமும் பள்ளிச்சந்தமும் எண்ணிக்கையில்லாமல் வழங்கினான் என்றும், தன் பெயரால் அமைந்த இராசசிங்கப் பெருங்குளத்தின் கீழிருந்த நகரில் வீற்றிருந்தபோது இந்தத் தானத்தைச் செய்தான் என்றும் அது கூறுகிறது. ஏரியைக் கடலுக்கு ஒப்பாகப் பேசும் அந்த வரியை, மழை பொய்த்த ஆண்டுகளில் பெரியாற்று நீரின் மட்டத்தை அடிக்கணக்கில் கேட்டறிந்து காத்திருக்கும் நம் பள்ளத்தாக்கு உழவர்கள் நன்றாகவே உணர்வார்கள்.

எனினும் நமது தொடருக்கு உயிர்நிலையான செய்தி வேறொன்று. தலையாலங்கானத்து வெற்றி போன்ற முன்னோர் பராக்கிரமங்களை அடுக்கிச் செல்லும் இடத்தில், அவற்றுக்கு நடுவே, அதே குரலில், இவ்வம்சத்து மன்னர் மகாபாரதத்தைத் தமிழாக்கச் செய்தனர் என்றும் மதுரை மாநகரில் சங்கம் நிறுவினர் என்றும் அச்செப்பேடு சொல்லுகிறது. பகைவரைப் புறங்கண்டதும், ஓர் இதிகாசத்தை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்ததும், புலவர்க்கு அவை கூட்டியதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. மதுரைச் சங்கத்தைக் குறித்துச் சாசனங்களில் நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயது இது. அது மதுரையில் கிடைக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில், நம் சின்னமனூரில் கிடைத்தது என்பதை எண்ணும்போது, இப்பகுதியார் ஒவ்வொருவரும் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே கடல்கடந்து ஒரு தேசத்துக்குச் சென்று வருவது விஷயத்தை விளக்க உதவும். இராசசிம்மனுக்கு மூன்றரை நூற்றாண்டு பின்னால், ஸ்பெயின் நாட்டின் காஸ்டீல் ராஜ்யத்தில் பத்தாம் அல்போன்சோ என்ற வேந்தன் ஆண்டான். 1221-இல் பிறந்து, 1252-இல் பட்டமெய்தி, 1284-இல் மறைந்த அவனை ஐரோப்பியச் சரித்திரம் 'அறிஞன்' என்ற அடைமொழியோடுதான் அழைக்கிறது. அரபு மொழியில் குவிந்துகிடந்த வானநூல், சோதிடம், மணிநூல், கதை ஆகியவற்றைத் தன் நாட்டு மொழியில் கொண்டுவருவதற்கு அவன் எடுத்துக்கொண்ட பிரயத்தனம் அசாதாரணமானது. யூத வித்வான்களும் கிறிஸ்தவ எழுத்தர்களும் இஸ்லாமிய நூல்வல்லாரும் அவனது ஆதரவில் ஒன்றுகூடி உழைத்தனர். டொலேடோ நகரில் யூத அறிஞர்களான யெஹூதா பென் மோஷேயும் ஐசக் இபின் சீதும் தொகுத்த அல்போன்சோ அட்டவணைகளைக் கொண்டு கிரகங்களின் நிலையைக் கணிக்கும் வழக்கம், கோபர்நிக்கஸ் காலம் வரையில் ஐரோப்பாவில் நின்று நிலவியது. சட்டத்தை ஏழு பாகங்களாக வகுத்து அவன் எழுதுவித்த பெருநூலில், ஆசிரியரும் மாணாக்கரும் கூடிக் கற்கும் கல்விச்சாலை எப்படி அமையவேண்டும் என்பதற்கே தனிப்பகுதி உண்டு. சலமாங்கா பல்கலைக்கழகத்துக்கு 1254-இல் ஆசிரியர் சம்பளத்தையும் நூல்களைப் பேணுவதற்கு ஆளையும் ஏற்படுத்திச் சாசனம் அளித்தவனும் அவனே. கன்னி மரியாளைப் போற்றும் நானூறுக்கும் மேற்பட்ட இசைப்பாடல்களின் தொகுதியும் அவன் பெயரோடு நிலைபெற்றிருக்கிறது.

அவன் இளவரசனாக இருந்தபோதே, 1251-ஆம் ஆண்டளவில், காஸ்டீலிய மொழியில் ஒரு கதைநூல் தோன்றியது. கலீலா, திம்னா என்ற இரு நரிகளின் பெயரால் வழங்குவது. அந்நரிகள் வேறு யாருமல்லர். நமது பஞ்சதந்திரத்தில் வரும் கரடகனும் தமனகனுமே. இந்தியாவிலே பிறந்த அக்கதைகள் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகச் சக்கரவர்த்தி குஸ்ரூ அனுஷிர்வான் காலத்தில் பகலவி மொழிக்குப் பெயர்ந்து, எட்டாம் நூற்றாண்டில் இபின் அல்-முகஃபாவின் கைவண்ணத்தில் அரபுக்கு மாறி, அங்கிருந்து அல்போன்சோவின் அவைக்கு வந்து சேர்ந்தன. 1283-இல் செவில் நகரில் அவன் முடிப்பித்த விளையாட்டுநூலின் முதற்பகுதி சதுரங்கத்தைப் பற்றியது. அந்த ஆட்டமும் இந்தியாவிலிருந்து அதே பாதையிற் சென்றது. ஒரு நாட்டார் கதையும் ஆட்டமும் இத்தனை சமயங்களையும் மொழிகளையும் ஊடுருவிக்கொண்டு உலகின் மறுகோடியைச் சேர்ந்ததற்குக் காரணம், வழியெங்கும் அவற்றைத் தத்தம் மொழியில் எழுதுவிப்பதைத் தமது கடமையெனக் கருதிய அரசர்கள் இருந்ததேயாகும்.

அல்போன்சோவின் உலக சரித்திர நூலில், அரசன் ஒரு நூலை 'இயற்றினான்' என்பதன் தாத்பரியம் விளக்கப்பட்டிருக்கிறது. தன் கையால் எழுதியதால் அன்று, கருத்தை வகுத்துக் கொடுத்து, பிழை கண்ட இடத்தில் திருத்தி, எப்படி அமையவேண்டும் என்று காட்டியதால் அந்நூல் அரசனுடையதாகிறது. அரண்மனையை மன்னன் கட்டினான் என்று நாம் சொல்வதும் அப்பொருளிலேதான். சின்னமனூர்ச் செப்பேட்டை வாசிப்போர்க்கு இதைவிடப் பொருத்தமான உரைவிளக்கம் கிடைப்பது அரிது.

ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பாரதத்தைத் தமிழாக்கியதும் சங்கம் வைத்ததும் இராசசிம்மன் செய்த காரியங்கள் என்று செப்பேடு சொல்லவில்லை. பெயர் குறிக்கப்படாத முன்னோர்க்கு உரியனவாகவே சொல்லுகிறது. அப்படியிருக்க, அவனை எவ்வாறு அறிஞரைப் புரந்த மன்னர் வரிசையில் சேர்க்கலாம்? ஆட்சேபம் சரியானதே, ஆனால் அது விஷயத்தின் மேற்பரப்பை மாத்திரம் தொடுகிறது. ஒரு வம்சம் தன் முன்னோரைப் பற்றி எதை நினைவிற் கொள்கிறது, எதை மறந்துவிடுகிறது என்பது அவ்வம்சத்தின் அப்போதைய தலைவனுடைய உள்ளத்தையே காட்டும். முன்னோர் எரித்த ஊர்களையும் கவர்ந்த யானைகளையும் மட்டும் பாடச்சொல்லி இராசசிம்மன் தன் புலவர்களுக்கு ஆணையிட்டிருக்கலாம். அதைத் தடுப்பார் இல்லை. அவனோ மொழிபெயர்ப்பையும் புலவர் அவையையும் அரச கீர்த்தியாக எண்ணி, அழியாத உலோகத்தில் ஏற்றினான். அவன் பாட்டனாகிய ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசலில் சமணக் குகைக்கோயிலைப் புதுப்பித்துப் பொலிவித்தான் என்ற சாசனத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, கல்வியும் கலையும் அக்குடும்பத்தில் பரம்பரைச் சொத்தாக இருந்தன என்று துணிந்து கூறலாம்.

அந்தப் பாண்டியத் தமிழ்ப் பாரதம் நமக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது. சங்கத் தொகைநூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனார் 'பாரதம் பாடிய' என்ற அடைமொழியால் சிறப்பிக்கப்படுகிறார். தெள்ளாற்றில் வென்ற பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் ஆதரவில், ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பாரத வெண்பாவும் முழுமையாக நம்மிடம் இல்லை. சில பருவங்களே எஞ்சியிருக்கின்றன. வில்லிபுத்தூரார் வரும்வரையில் எத்தனை பாரதங்கள் தமிழில் பாடப்பட்டு மறைந்தனவோ! கன்றுத்தோலில் பொன்வண்ணம் பூசி எழுதப்பட்ட அல்போன்சோவின் சுவடிகள் எஸ்கோரியல் மடாலய நூலகத்தில் இன்றும் ஒளியுடன் இருக்கின்றன. நம் பனையோலையோ நூறு இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் உட்கார்ந்து படியெடுத்தாலொழிய உயிர் பிழைக்காது. படியெடுக்கும் கை ஓய்ந்த தலைமுறையில் ஒரு காவியம் செத்துப்போகிறது. நூல் போயிற்று, அது இருந்தது என்ற செய்தியை மாத்திரம் செம்பு காப்பாற்றிக் கொடுத்தது.

செப்பேடு எழுந்த காலத்தைக் கவனித்தால் அதன் வாசகத்துக்கு இன்னொரு கனம் ஏறுகிறது. இராசசிம்மன் ஏறத்தாழ கி.பி. 900-இல் பட்டத்துக்கு வந்தான் என்பர் சரித்திர ஆசிரியர். 907-இல் தஞ்சையில் அரியணை ஏறிய முதற்பராந்தக சோழன், தன் மூன்றாம் ஆட்சியாண்டிலேயே 'மதுரைகொண்ட' என்ற விருதைச் சாசனங்களில் புனைந்துகொண்டான். ஆகவே பெரிய சின்னமனூர்ச் செப்பேடு வெட்டப்பட்ட வேளையில் பாண்டியநாடு நிம்மதியாக இருக்கவில்லை. வடக்கிலிருந்து சோழப்படை மீண்டும் மீண்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடியின் நடுவே ஒரு சிற்றூரைத் தானம் செய்யும்போது, மதுரையில் சங்கம் வைத்ததை ஒரு மன்னன் நினைத்துப் பேசினான் என்பது என் உள்ளத்தை மிகவும் தொடுகிறது.

அவன் உதவி தேடிப்போன இடமும் கவனிக்கத்தக்கது. இலங்கையில் அப்போது ஆண்டவன் ஐந்தாம் காசியபன். தம்மபதத்தின் பாலி உரைக்குச் சிங்களத்தில் பதவுரை எழுதியவன் என்று அறியப்படுபவன். இன்று கிடைக்கும் சிங்கள உரைநடை நூல்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஏடு தொட்ட கையுடைய அவ்வேந்தன் சக்க சேனாபதியின் தலைமையில் ஒரு படையைப் பாண்டியனுக்குத் துணையாக அனுப்பினான். வெள்ளூரில் நடந்த பெரும்போரில் இருபடைகளும் சேர்ந்தும் பராந்தகனை எதிர்த்து நிற்கமுடியவில்லை. ஈழப்படையைக் கொள்ளைநோய் பற்றியது, சேனாபதி மாண்டான், எஞ்சியோரைக் காசியபன் திரும்ப அழைத்துக்கொண்டான் என்று இலங்கையின் சூளவம்சம் கூறுகிறது. பராந்தகனுக்கு அடங்கிய கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதியின் உதயேந்திரம் செப்பேடும் இராசசிம்மனின் தோல்வியைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது.

பின்னர் நான்காம் தப்புலன் ஈழத்தில் ஆண்ட நாளில், பாண்டியன் தன் முடியையும் குலத்து அணிகலன்களையும் எடுத்துக்கொண்டு அவனிடம் அடைக்கலம் புகுந்தான். தப்புலன் மரியாதையோடு வரவேற்றான். சோழனோடு போர் தொடுக்கவும் எண்ணினான். அவனுடைய பிரபுக்களுக்குள் மூண்ட கலகத்தால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. இங்கிருந்து பயனில்லை என்று கண்ட இராசசிம்மன், முடியையும் அணிகளையும் அங்கேயே வைத்துவிட்டு, தன் தாய் வானவன்மாதேவி பிறந்த சேரநாட்டுக்குச் சென்றான். அதன்பின் அவனைப் பற்றிச் சரித்திரம் பேசுவதில்லை.

அல்போன்சோவின் முடிவும் இதற்கு மாறுபட்டதன்று. 1257-இல் ஜெர்மானியப் பிரபுக்களில் ஒரு பகுதியார் அவனைச் சக்கரவர்த்தியாகத் தேர்ந்தெடுத்தும், பதினெட்டு ஆண்டு முயன்று 1275-இல் அந்த ஆசையைத் துறந்தான். 1282-இல் சொந்த மகன் சாஞ்சோவே கலகக்கொடி தூக்க, நாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப்போய், செவில் நகரில் இறந்தான். வானத்தை அளக்கப்போய் மண்ணை இழந்தான் என்று மரியானா என்னும் பிற்காலச் சரித்திர ஆசிரியர் அவனைக் குறைகூறினார். அந்தக் கூற்றை நான் ஏற்பதற்கில்லை. நட்சத்திரத்தைப் பாராத அரசர்களும் மண்ணை இழந்திருக்கிறார்கள். நாணய மதிப்பைக் குறைத்து விலைவாசியை ஏற்றியதும், சக்கரவர்த்திப் பதவிக்காகப் பொருளை வாரியிறைத்ததும் அல்போன்சோவுக்குக் கேடு சூழ்ந்தன. இராசசிம்மனை வீழ்த்தியது அவன் காலத்திலே தழைத்தெழுந்த சோழ வல்லமை. இருவர் வீழ்ச்சிக்கும் அவர்களுடைய கல்வியபிமானத்தைப் பொறுப்பாக்குவது கற்றோர்க்கு அழகன்று.

ஈழத்தில் வைத்துச் சென்ற முடியை மீட்பதற்குப் பராந்தகன் தன் முதுமையில் ஒரு படையெடுப்பை நடத்தினான். நான்காம் உதயன் அப்பொருள்களோடு உரோகணக் காடுகளுக்குள் ஒதுங்கிவிட்டதால் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. முடி ஈழம் புகுந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, கி.பி. 1017–18-ஐ ஒட்டி, முதலாம் இராசேந்திரன் ஐந்தாம் மகிந்தனை வென்று, பாண்டியன் முன்பு அங்கே வைத்த முடியையும், இந்திரனுக்குரியதென்று பாண்டியர் புராணம் போற்றும் ஆரத்தையும் கைப்பற்றியதாகத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொண்டான். கங்கையும் கடாரமும் கொண்ட ஒரு சக்கரவர்த்தி, தோற்றோடிய அரசன் ஒருவனின் முடியைத் தன் வெற்றிகளுள் ஒன்றாக எண்ணினான் என்பதிலிருந்தே அதன் மதிப்பு விளங்கும். அந்த முடி இன்று எங்கும் இல்லை.

சின்னமனூர்ச் செப்பேடுகளின் வாசகம் 1929-இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் மூன்றாம் தொகுப்பில், கிருஷ்ண சாஸ்திரியாரின் பதிப்பாக முழுமையாக அச்சேறியது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், சங்கத்தைப் பற்றிய பாடத்தை நடத்தும் நாளில் அந்த வாசகத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். இராசசிம்மனின் பாட்டன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனையும், சித்தன்னவாசல் ஓவியங்களுக்கும் மதுரை ஆசிரியன் இளங்கௌதமனுக்கும் உள்ள தொடர்பையும் அடுத்த இதழில் பார்ப்போம்.